ஒருபக்கச் சரிவுக் காட்டுக்கத்தி: தீட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வன்னியில் காட்டுக்கத்திக்கு ஓய்வு நாள் குறைவு. காலையில் வேலிக்கு நடும் கதியால் தடி தறிக்கும், மத்தியானம் வரம்போரப் பற்றை வெட்டும், பின்னேரம் விறகு கொத்தும். இடையில் இளநீரும் சீவும். இப்படிப் பாடுபடும் கத்திகளில், ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்து மறுபக்கத்தைத் தட்டையாக விட்ட கத்தியைத் தீட்டும்போதுதான் பலருக்குக் குழப்பம் வருகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சமனின்மை பிழை அல்ல. கத்தியை அடித்தவர் வேலையைப் பார்த்து வைத்தது அது. தீட்டுகிறவர் அதைக் காப்பாற்ற வேண்டும்.

என் கத்தி ஒருபக்கச் சரிவுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கத்தியைத் துடைத்து, வெளிச்சத்தில் நுனிப்பக்கமிருந்து வாயின் நீளத்துக்குப் பாருங்கள். ஒரு பக்கம் முதுகிலிருந்து வாய்வரை ஒரே தட்டையாக இறங்கி, மறுபக்கத்தில் மட்டும் வாய்க்கு மேலே பட்டையாக ஒரு சரிவு இருந்தால் அது ஒருபக்கச் சரிவு. சந்தேகமாக இருந்தால் ஓர் இரும்பு அடிமட்டத்தைத் தட்டைப் பக்கத்தில் குறுக்காக வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வாயருகே வெளிச்சம் கசியக் கூடாது.

இரண்டு பக்கமும் சரிவு இருந்து, ஒன்று அகலமாகவும் மற்றது ஒடுக்கமாகவும் இருக்கும் கத்திகளும் உண்டு. அதில் இரண்டு வகை. ஒன்று, அடிக்கும்போதே அப்படி வைத்தது. அதில் இரண்டு சரிவும் பிடியிலிருந்து நுனிவரை ஒரே அகலத்தில் ஓடும். மற்றது, ஆரம்பத்தில் சமனாக இருந்து, ஒரே கையால் ஒரே பக்கத்தை அழுத்தித் தீட்டியதால் கோணலாய்ப் போனது. அதில் சரிவு நடுவில் அகன்று, இரண்டு முனையிலும் ஒடுங்கும். சில இடத்தில் அலை அலையாகவும் இருக்கும். முதல் வகையை அப்படியே காப்பாற்றுங்கள். இரண்டாவதைத் திருத்தலாம்.

ஏன் ஒரு பக்கம் மட்டும் சரிவு? இரண்டு பக்கமும் சமனாகத் தீட்டிவிட்டால் என்ன?

கத்தி மரத்துக்குள் இறங்கும்போது சரிவுப் பக்கத்தை மரம் தள்ளுகிறது. தட்டைப் பக்கத்தில் அந்தத் தள்ளல் இல்லை. ஆகவே கத்தி எப்போதும் தட்டைப் பக்கமாகவே சாயும். இந்தச் சாய்வு சீவும் வேலைக்கு வரப்பிரசாதம். மரக்கொட்டனை நிமிர்த்தி வைத்து, தட்டைப் பக்கத்தைக் கொட்டனோடு ஒட்டிச் சீவினால் கத்தி மரத்தை விட்டு எகிறாது, செதிலும் சரிவுப் பக்கமாகக் கழன்று விழும். சீவிய முகம் மட்டமாக வரும். இரண்டு பக்கமும் சமனான கத்தியால் அதே வேலையைச் செய்யும்போது, மணிக்கட்டைச் சாய்த்துப் பிடிக்காவிட்டால் கத்தி வழுக்கி வெளியே போகும்.

கதியால் போடுகிறவர்களுக்கு இதில் இன்னொரு நன்மை இருக்கிறது. பூவரசோ கிளுவையோ, நட வேண்டிய தடியின் அடியைச் சாய்வாக வெட்டும்போது தட்டைப் பக்கம் தடியின் பக்கம் இருந்தால், பட்டை நசியாமல் வெட்டு சுத்தமாக விழும். நசிவு கழிவுத் துண்டுக்குப் போய்விடும். பட்டை கிழிந்து நசிந்த தடி வேர்விடும் முன்னரே அழுகத் தொடங்கும்.

சமனாகத் தீட்டினால் இந்தக் குணம் போய்விடும். அதைவிடப் பெரிய இழப்பும் ஒன்று உண்டு. தட்டைப் பக்கத்தில் புதிதாகச் சரிவு வைத்துவிட்டால், பிறகு அதை மீட்க அந்தப் பக்கம் முழுவதையும் உராய்ஞ்சு இறக்க வேண்டும், அல்லது அந்தச் சரிவு மறையும் மட்டும் வாயைத் தேய்க்க வேண்டும். இரண்டிலும் நல்ல இரும்பு வீணாகிறது.

நான் இடதுகைக்காரன். எனக்கும் இதே கத்தி சரிவருமா?

பற்றை வெட்ட, விறகு கொத்தச் சரிவரும். சீவ வராது. வலதுகைக்காரருக்குப் பிடியைக் கையில் பிடித்து வாயைக் கீழே விட்டால், சரிவு வலது பக்கமும் தட்டை இடது பக்கமும் இருக்கும். உங்களுக்கு அது எதிர்மாறாக இருக்க வேண்டும். வாங்கிய கத்தியை மாற்றித் தீட்டப் பார்க்காமல், கம்மாலையில் சொல்லி இடதுகைக்கென்று அடிப்பித்து வாங்குங்கள். அடிக்கும்போது சொல்லிவிட்டால் அது பெரிய வேலை அல்ல.

எத்தனை பாகையில் தீட்ட வேண்டும்?

இங்கேதான் பலருக்குக் கணக்குப் பிழைக்கிறது. சாதாரணக் கத்திகளுக்கு "20 பாகை" என்று சொன்னால், அது ஒரு பக்கத்துக்கு. இரண்டு பக்கமும் சேர்ந்து வாயின் மொத்தக் கோணம் 40 பாகை. ஒருபக்கச் சரிவுக் கத்தியில் மறுபக்கம் பூச்சியம். அதே 20 பாகையை அதில் வைத்தால் மொத்தமும் 20தான். சமையற்கட்டில் மீன் வெட்ட அது அருமையான வாய். பாலைக் கொம்பில் ஒரு போடு போட்டால் பல்லுப் பல்லாக உதிரும். பாலை தண்ணீரில் தாழும் மரம். வீரையும் முதிரையும் இலேசான மரங்கள் அல்ல. காய்ந்த விடத்தல் கட்டையும் கத்தியை விடாது.

ஆகவே கடும் வேலைக்கு ஒருபக்கச் சரிவை 30 பாகை அளவில் வையுங்கள். பச்சைத் தடி, நாயுண்ணிப் பற்றை, வாழை என்று மெல்லிய வேலை மட்டும் என்றால் 25 போதும். எல்லா வேலைக்கும் ஒரே கத்தி என்றால் 30ஐ விட்டு இறங்க வேண்டாம். இன்னொரு வழியும் உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான். பிடிக்குக் கிட்டே உள்ள மூன்றில் ஒரு பங்கைச் சீவுவதற்கு 25 பாகையிலும், அடி விழும் நடுப்பகுதியையும் நுனியையும் 30 பாகையிலும் தீட்டிவைப்பது. ஒரு கத்தி இரண்டு கத்தியின் வேலையைச் செய்யும். கோணம் மாறும் இடத்தில் படி விழாமல், இரண்டு விரல் நீளத்துக்குள் மெதுவாக மாற்றிக்கொண்டு போக வேண்டும்.

கோணமானி இல்லாமல் 30 பாகையை எப்படிப் பிடிப்பது?

கத்தியின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். சரிவுப் பக்கத்தைக் கல்லில் வைத்து முதுகை உயர்த்துங்கள். கல்லிலிருந்து முதுகின் மேல் விளிம்புவரை, அதாவது தட்டைப் பக்கத்து விளிம்புவரை உள்ள உயரம் கத்தியின் அகலத்தில் பாதி என்றால் 30 பாகை. மூன்றில் ஒன்று என்றால் ஏறத்தாழ 20. 50 மில்லிமீற்றர் அகலக் கத்திக்கு 25 மில்லிமீற்றர் உயரம் 30 பாகை, 21 மில்லிமீற்றர் 25 பாகை, 17 மில்லிமீற்றர் 20 பாகை. அந்த உயரத்துக்குப் பனைமட்டைத் துண்டொன்றைச் சீவிக் கல்லின் பக்கத்தில் வைத்துக்கொண்டால், கை நழுவும்போதெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஏற்கெனவே உள்ள சரிவு எத்தனை பாகை என்று அறிய, சரிவு தொடங்கும் இடத்தில் கத்தியின் தடிப்பையும் சரிவின் அகலத்தையும் அளந்து பாருங்கள். அகலம் தடிப்பின் இரண்டு மடங்கு என்றால் 30 பாகை. மூன்று மடங்கு என்றால் 20க்கு ஒரு பொட்டுக் குறைவு. 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள கத்தியில் சரிவு 8 மில்லிமீற்றர் அகலம் இருந்தால் அது கடும் வேலைக்கு ஏற்ற வாய்.

சரியான கோணத்தில்தான் உராய்கிறேனா என்று எப்படித் தெரியும்?

மார்க்கர் பேனாவால் சரிவைக் கறுப்பாக்குங்கள். பேனா இல்லாவிட்டால் குப்பிவிளக்கின் புகையில் சரிவைக் காட்டிக் கரி பிடிக்க விடலாம். கத்தி சூடேறாதபடி சுடருக்கு மேலே தள்ளிப் பிடியுங்கள். பிறகு கல்லில் நாலைந்து தரம் உராய்ஞ்சு பாருங்கள். மேல்விளிம்பில் மட்டும் கறுப்புப் போயிருந்தால் முதுகை அதிகம் தாழ்த்திவிட்டீர்கள். வாயோரத்தில் மட்டும் போயிருந்தால் அதிகம் உயர்த்திவிட்டீர்கள். சரிவு முழுவதும் மங்கிக்கொண்டு வந்தால் கோணம் சரி.

எந்தக் கல் நல்லது?

ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் இருமுகக் காபரண்டம் கல் போதும். ஒரு முகம் கரடு, மறுமுகம் நொய். காபரண்டம் என்பது சிலிக்கன் காபைட்டு. அது எந்தக் கத்தி இரும்பையும் உராய்ஞ்செடுக்கும் அளவுக்குக் கடினமானது. கடும் வேலைக் கத்திக்கு 400 இலக்கத்துக்கு மேலே நொய்யான கல் தேவையே இல்லை. கொஞ்சம் கரடான வாய் பச்சை நாரை நன்றாகக் கடிக்கும். கண்ணாடி போல மினுக்கிய வாய் மரம் சீவ அழகு, ஆனால் கொடி வெட்டும்போது வழுக்கும்.

கல் குழிந்திருக்கக் கூடாது. தேய்ந்து பள்ளமான கல்லில் தட்டைப் பக்கத்தை வைத்தால் அந்தப் பக்கம் உருண்டு வரும். ஒருபக்கச் சரிவுக் கத்திக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. ஒரு மட்டமான ரைல்ஸ் கல்லில் கரடான சாண்ட்பேப்பரை விரித்து, தண்ணீர் விட்டு, தீட்டுக்கல்லை அதில் தேய்த்து மட்டமாக்குங்கள். கல்லின் முகத்தில் பென்சிலால் கோடுகள் கீறிவிட்டுத் தேய்த்தால், கோடுகள் எல்லாம் அழிந்த நேரம் கல் மட்டமாகிவிட்டது.

கல்லுக்குத் தேங்காயெண்ணெய் விடாதீர்கள். நாளாக நாளாகப் பிசினாகி கல்லின் கண்ணை அடைத்துவிடும். தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் போதும். ஏற்கெனவே எண்ணெய் பிடித்த கல்லை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தும்பால் தேய்த்துக் கழுவலாம். சீமெந்துப் படியில் தீட்டுவது அவசரத்துக்குச் சரி. ஆனால் அதில் தட்டைப் பக்கத்தைத் தொடவிடாதீர்கள். பெருமணல் கீறல் விழுந்தால் எடுக்கப் பெரும்பாடு.

கத்தி வாய் பெயர்ந்து பல் விழுந்துவிட்டது. தீட்டினால் போகுமா?

எவ்வளவு என்பதைப் பொறுத்தது. ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்த சின்னப் பல்லுகளை விட்டுவிடுங்கள். அடுத்தடுத்த தீட்டலில் தானாக மறையும். அவற்றுக்காக வாய் முழுவதையும் இறக்குவது வீண்.

பெரிய பல் என்றால் சரிவைத் தீட்டத் தொடங்க வேண்டாம். பலர் பல் விழுந்த இடத்தை மட்டும் குழியக் குழியத் தீட்டுவார்கள். அது வாயில் ஒரு பள்ளத்தை உண்டாக்கும். அந்தப் பள்ளத்தில் கொடி சிக்கும், வெட்டு இழுபடும். முதலில் கத்தியைக் குற்றியில் இறுக்கி, வாயை நேரே மேலே வைத்து, அரத்தை வாய்க்குக் குறுக்காக அல்லாமல் நீளவாக்கில் தள்ளி வாயை மொட்டையாக்குங்கள். பல்லின் அடிவரை மொட்டை வந்ததும் நிறுத்துங்கள். இப்போது வாயில் மினுங்கும் ஒரு தட்டையான பட்டை இருக்கும். அந்தப் பட்டை ஒரு மயிர் அகலம் வரும்மட்டும் சரிவுப் பக்கத்தை மட்டுமே அராவுங்கள். தட்டைப் பக்கத்தில் அரம் படவே கூடாது. மிச்சத்தைக் கல் செய்யும்.

அரத்தை முன்னுக்குத் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். பின்னுக்கு இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். அரத்தில் வெண்கட்டியைப் பூசிவிட்டால் இரும்புத் துகள் பற்களுக்குள் அடையாது.

வன்னியில் வாய் விழுவதற்கு வேறு இடங்களில் இல்லாத காரணமும் ஒன்று இருக்கிறது. 2009இல் யுத்தம் முடிந்தும், இங்கே நின்ற பனையிலும் பாலையிலும் எறிகணைத் துண்டும் துப்பாக்கிச் சன்னமும் பட்டையால் மூடிக் கிடக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வீக்கமோ கறுத்த தழும்போ மட்டும் தெரியும். புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் பழைய மரம் தறிக்கும்போது அப்படித் தழும்பு கண்டால் அந்த இடத்தை விட்டு வெட்டுங்கள். பற்றைக்குள் பழைய முட்கம்பியும் மறைந்திருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிலத்தில் தெரியாத உலோகப் பொருள் ஏதும் தட்டுப்பட்டால் கத்தியால் கிளறிப் பார்க்க வேண்டாம். தொடாமல், வந்த அடித்தடத்தின் வழியே திரும்பிப் போய்ப் பொலிஸுக்கோ கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கோ சொல்லுங்கள்.

சரி, தீட்டும் வேலையை முதலிலிருந்து கடைசிவரை சொல்லுங்கள்.

கத்தி பெரிது, கல் சின்னது. ஆகவே கத்தியைக் கல்லில் ஓட்டுவதைவிட, கத்தியை அசையாமல் வைத்துக் கல்லைக் கையால் ஓட்டுவது எளிது. கத்தியை ஒரு வாங்கின் விளிம்பில் சரிவுப் பக்கம் மேலே வரும்படி கிடத்துங்கள். வாய் உங்களைப் பாராமல் வெளியே பார்க்க வேண்டும். இடது கையால் பிடியை அழுத்திப் பிடியுங்கள். கத்தி ஆடினால் அடியில் ஈரச்சாக்கு மடித்து வையுங்கள். கல்லைப் பிடிக்கும் விரல்கள் கல்லின் அடி விளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது. வெட்டுக்காயம் வருவது பெரும்பாலும் அங்கேதான்.

கரடுமுகத்தைச் சரிவில் பதித்து, சின்னச் சின்ன வட்டமாக, பிடிப்பக்கத்திலிருந்து நுனிவரை நகருங்கள். ஓரிடத்தில் நிற்க வேண்டாம். தண்ணீர் கறுத்துச் சேறாக வரும். அதைத் துடைத்துவிடாதீர்கள், அதுவும் உராய்கிறது. கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்தில், அதாவது தட்டைப் பக்கத்து வாயோரத்தில், உராய்ந்த இரும்பின் மெல்லிய பிசிர் திரும்பும். அதைத் தெரிந்துகொள்ள, தட்டைப் பக்கத்தில் பெருவிரலை முதுகுப்பக்கமிருந்து வாயைத் தாண்டி வெளியே மெதுவாக இழுங்கள். வாயின் நீளத்துக்கு விரலை ஓட்டக் கூடாது. பிசிர் இருந்தால் விளிம்பில் தோலில் கரகரவென்று ஒரு கொக்கி தட்டும். பிடியிலிருந்து நுனிவரை ஓரிடமும் விடாமல் அந்தக் கொக்கி தட்டும்மட்டும் கரடுமுகத்தை விடாதீர்கள். கத்தி கூராகவில்லை என்று சொல்கிறவர்களில் அதிகம் பேர் நிறுத்துவது இதற்கு முன்னால்தான். நடுவில் பிசிர் வந்துவிடும், நுனியில் வந்திருக்காது.

பிறகு கல்லை நொய்முகத்துக்குத் திருப்பி, அதே கோணத்தில், பாதி அழுத்தத்தில் கீறல்கள் மெலியும்வரை உராயுங்கள்.

தட்டைப் பக்கத்தைத் தீட்டவே கூடாதா?

தீட்டலாம், ஆனால் தட்டையாகவே. கத்தியைத் திருப்பி, நொய்முகத்தை அந்தப் பக்கத்தில் முழுதாகப் படுக்கவைத்து, முதுகுப்பக்கமும் வாய்ப்பக்கமும் ஒன்றாகத் தொட்டபடி சில தரம் வட்டமாக ஓட்டுங்கள். பிசிர் சரிவுப் பக்கத்துக்கு வளையும். மீண்டும் சரிவில் மெதுவாக இரண்டு மூன்று தரம், மீண்டும் தட்டையில் இரண்டு மூன்று தரம். ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் பிசிர் மெலிந்து உதிரும்.

கல்லை ஒரு பொட்டுத் தூக்கித் தட்டைப் பக்கத்தில் மிகச் சின்னச் சரிவு வைப்பவர்களும் இருக்கிறார்கள். வெறும் பற்றை வெட்டும் கத்திக்கு அது குற்றமில்லை, வாய்க்குக் கொஞ்சம் பலமும் சேரும். சீவும் கத்திக்கு நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு ஒரு மயிர் அகலம், ஆறு மாதத்தில் இரண்டு மில்லிமீற்றர், பிறகு அது இருபக்கக் கத்தி.

பிசிரை முழுதாக எடுப்பது எப்படி?

முதலில் ஒரு மென்மையான மரத்துண்டின் விளிம்பில் வாயை அழுத்தாமல் ஒருதரம் இழுங்கள். தொங்கும் பிசிர் கழன்றுவிடும். பிறகு பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், வாய் பின்னுக்கு இருக்க, முதுகு முன்னே போகும்படி இழுங்கள். சரிவுப் பக்கம் அதே கோணத்தில், தட்டைப் பக்கம் தட்டையாக. காபரண்டம் தொழிற்சாலைப் பொருளாக வந்தது 1890களில். அதற்கு முன்பிருந்தே கள்ளுக்குப் பாளை சீவுகிறவர்கள் மரப்பலகையில் வெள்ளைக்கல்லை, அதாவது படிகக்கல்லைப் பொடித்துத் தூவித் தீட்டி வந்திருக்கிறார்கள். படிகக்கல் தூள் தோய்ச்சல் கொடுத்த, அதாவது செந்தணலாக்கித் தோய்த்துக் கடினமாக்கிய இரும்பையும் மெதுவாக உராயும். இன்றைக்கும் கடைசி மினுக்கலுக்கு அந்தப் பலகையை வெல்லும் பொருள் குறைவு.

மின்சாணையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடியுமே?

முடியும். கத்தியின் ஆயுளும் அதோடு குறையும். பிரச்சினை சூடு. கத்திகளில் பல லொறி வில்லுத்தகட்டில் அடித்தவை. அந்த உருக்கில் காபன் ஏறத்தாழ 0.6 வீதம். செந்தணலாக்கித் தோய்த்து, பிறகு அளவாகச் சூடாக்கித் தணித்ததால்தான் அதற்குக் கடினமும் முறியாத தன்மையும் வந்தன. சாணைச் சில்லு மெல்லிய வாயைத் தொட்ட கணத்தில் சூடு எகிறும். வைக்கல் மஞ்சள் நிறம் வந்தால் 220, 230 பாகை செல்சியஸ். பழுப்பு, ஊதா கடந்து நீலம் தெரிந்தால் 300 அளவு. பெரும்பாலான கத்தி வாய்களுக்குக் கொடுக்கும் தணிப்புச் சூட்டைவிட அது கூட. நீலம் ஓடிய இடம் மெத்தென்று போய், அன்று தீட்டிய கூர் அன்றே மடியும்.

பெரிய பல்லை எடுக்க மின்சாணையைப் பாவிக்கத்தான் வேண்டுமென்றால், பக்கத்தில் தண்ணீர் வாளி வையுங்கள். கையுறை போடாமல் வெறும் விரலால் கத்தியைப் பிடியுங்கள். விரல் பொறுக்காத சூடு வரும் முன்பே தண்ணீரில் தோயுங்கள். கடைசி ஒரு மில்லிமீற்றரைச் சில்லுக்குக் கொடுக்காமல் கல்லுக்கு விட்டுவையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கோடையில் கிடுகுக் கொட்டிலுக்குள்ளோ வைக்கல் போருக்குப் பக்கத்திலோ வைத்துச் சாணை பிடிக்க வேண்டாம், ஒரு பொறி போதும்.

தீட்டிய மறுநாளே மழுங்குகிறது. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்று. பிசிர் எடுபடாமல் இருந்திருக்கும். பிசிரும் முதல் சில வெட்டுக்குக் கூராகத்தான் தெரியும், பிறகு மடியும். அல்லது கோணம் மெல்லியதாக இருந்திருக்கும். அப்படியென்றால் வாயோரம் ஒரு பக்கமாகச் சுருண்டிருக்கும், விரலில் தட்டும். இதற்குத் திரும்பத் தீட்டும்போது கோணத்தை 5 பாகை கூட்டினாலே தீர்ந்துவிடும். மூன்றாவது, இரும்பு மெத்தென்று போயிருக்கும். அதற்கு அரத்தால் பரிசோதியுங்கள். கத்தியின் வாயிலும், முதுகிலும் அரத்தின் மூலையை இலேசாக ஓட்டிப் பாருங்கள். தோய்ச்சல் சரியாக உள்ள வாயில் அரம் முதுகைவிடக் குறைவாகக் கடிக்கும். இரண்டிலும் ஒரே மாதிரிக் கடித்தால் தோய்ச்சல் போய்விட்டது.

நுனி வளைந்த கத்தியை எப்படித் தீட்டுவது?

வெளியே வளைந்த வாய்க்குக் கல்லைக் கையால் ஓட்டும் முறையே போதும், வளைவோடு கல்லின் திசையைத் திருப்பிக்கொண்டே போங்கள். உள்ளே வளைந்த கொக்கி வாய்க்கு மட்டமான கல் எட்டாது. ஒரு துண்டுப் பைப்பில் சாண்ட்பேப்பரைச் சுற்றிச் சரிவுப் பக்கத்தை உராயுங்கள். தட்டைப் பக்கத்துக்கு மட்டமான கல்லேதான்.

இரண்டு பக்கமும் சரிவு, ஆனால் சமனில்லாத கத்திக்கு?

அகலமான சரிவுக்கு ஏழு பங்கு வேலை என்றால் ஒடுங்கியதற்கு மூன்று பங்கு. அந்த விகிதம் உங்கள் கத்தியில் எப்படி இருக்கிறதோ அப்படியே உராய்ச்சலையும் பிரித்துக்கொள்ளுங்கள். பிசிர் எடுப்பது மட்டும் இரண்டு பக்கமும் சமமாக.

கூரை எப்படிச் சோதிப்பது?

முதலில் வெளிச்சத்தில். வாயை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது. பிறகு ஒரு பச்சைக் கிளுவைத் தடியைச் சாய்வாக ஒரே வெட்டில் வெட்டி, வெட்டு முகத்தைப் பாருங்கள். தட்டைப் பக்கம் தொட்ட முகம் ஈரமாக மினுங்க வேண்டும். நார் கிளம்பியிருந்தால் இன்னும் வேலை இருக்கிறது. முகத்தில் நீளக் கோடுகள் தெரிந்தால் வாயில் சின்னப் பல் இருக்கிறது. கோடு விழுந்த இடத்தை வைத்தே பல் எங்கே என்று கண்டுபிடிக்கலாம். கை மயிரை வழித்துப் பார்ப்பது தேவையில்லாத வேலை.

மாரியில் துரு பிடித்துவிடுகிறதே?

தட்டைப் பக்கத்துத் துருவை அலட்சியம் செய்யாதீர்கள். வாய் என்பது சரிவும் தட்டையும் சந்திக்கும் கோடு. தட்டையில் துரு தின்ற குழி அந்தக் கோட்டை அடையும்போது, சரிவை எவ்வளவு தீட்டினாலும் அங்கே பல்லாகவே நிற்கும். வேலை முடிந்ததும் மரப்பாலையும் சாற்றையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி பூசுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் மண்சுவரில் சாத்தியோ ஈரக் கூரையில் செருகியோ வைக்க வேண்டாம். தோலுறைக்குள்ளும் வைக்க வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக்காற்றுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

பாளைக்கத்திக்கும் உளிக்கும் இதே முறைதானா?

உளிக்கு இதே முறை, கோணம் 25 தொடக்கம் 30. உளியின் தட்டைப் பக்கத்தில் அந்தச் சின்னச் சரிவைக் கனவிலும் வைக்க வேண்டாம். பாளைக்கத்தியைச் சீவல் தொழிலாளியின் கைக்கே விட்டுவிடுங்கள். அது மிக மெல்லிய வாய், இங்கே சொன்ன கோணங்கள் அதற்குப் பொருந்தாது.

எப்போது கம்மாலைக்குக் கொண்டுபோக வேண்டும்?

கத்தி தேயத் தேய வாய் முதுகை நோக்கி ஏறும். அங்கே தகடு தடிப்பு. கோணம் 30ஆகவே இருந்தாலும் சரிவு அகலமாகி, கத்தி மரத்துக்குள் இறங்காமல் பிளக்கப் பார்க்கும். அந்த நிலையில் கல்லால் மெலிய வைப்பது முடியாத பாடு. தணலில் வைத்து அடித்து மெலியவைத்து, திரும்பத் தோய்ச்சல் போட வேண்டும். வாய் நீளம் முழுவதும் நீலம் ஓடிய கத்திக்கும், அரம் முதுகிலும் வாயிலும் ஒரே மாதிரிக் கடிக்கும் கத்திக்கும் அதே வைத்தியம். வெடிப்பு உள்ள கத்தியைக் கொண்டுபோகாதீர்கள். வாயிலிருந்து முதுகை நோக்கி ஓடும் மயிர்க்கோடு தெரிந்தால் அந்தக் கத்தியின் வேலை முடிந்தது. அடிக்கும்போது முறிந்து பறக்கும்.

கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: எந்தக் கைக்கு, எந்தப் பக்கம் தட்டை, என்ன மரம் வெட்டப் போகிறீர்கள். பூண் ஆடினால் பிடியையும் அரக்கு வைத்து இறுக்கித் தரச் சொல்லுங்கள். கத்தி திரும்பி வந்ததும், முதல் வெட்டுக்கு முன்பே அடிமட்டத்தைத் தட்டைப் பக்கத்தில் வைத்து வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.